எனக்கு வராத அந்நிய பாஷை

நான் பிறந்தபோது அழவில்லையாம். மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் தட்டி, பாதத்தைச் சுண்டிப் பார்த்தும் சத்தம் வரவில்லை. அரை மயக்கத்தில் கிடந்த அம்மா அந்த நிலையிலும் ஆண்டவரோடு ஒரு பேரம் பேசினாள். "இது வாயத் தொறந்து அழுதுச்சுன்னா அந்த வாய் ஒனக்குத்தான் ஆண்டவரே. ஒன் வேலைக்கே குடுத்துர்றேன்." சொல்லி முடிப்பதற்குள் நான் வீறிட்டேன். அப்போது பிடித்த கத்தலை நிறுத்தப் பொழுது சாய்ந்துவிட்டது என்று அப்பா சேர்த்துக்கொள்வார்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வரிசை வீட்டு லயத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. தகரக் கூரை போட்ட எங்கள் சின்ன சபையில் சாட்சி சொல்ல எழும்பும்போதெல்லாம் அம்மா இதைச் சொல்வாள். ஆகவே நான் நேர்ந்துவிட்ட பிள்ளை. வாயை நேர்ந்துவிட்டால் அந்த வாய் ஒன்று பாட வேண்டும், அல்லது பிரசங்கம் பண்ண வேண்டும். இரண்டும் வராதென்றால் பிரசங்கம் பண்ணுகிற ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டும். சபையாருக்குத் தெரிந்து நான்காவது வழி கிடையாது.

எனக்குப் பாட்டு வராது. நான் பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கும் ராகம் தவறிவிடும். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால் "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடுவேன், மீதியை அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று. அப்பா மாரியம்மன் கோயில்காரர். சபை வாசல் வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். என் பாடு அவருக்கு வேடிக்கை. "எங்க ஆத்தா ஒரு காவடியோட விட்டுர்றா. ஒங்க ஆளு ஆயுசுக்கும்ல கேக்குறாரு" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே அம்மாவைச் சீண்டுவார். அம்மா முறைப்பாள்.

அம்மா கொழுந்து எடுப்பவள். காலையில் ஆட்களை ஓரிடத்தில் கூட்டி, பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன மலை என்று வேலையைப் பிரித்துவிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். தேவ அழைப்பையும் அம்மா அப்படித்தான் விளங்கி வைத்திருந்தாள். "பெரட்டுல போயி நின்னாத்தான பேரு கூப்புடுவாங்க. லயத்துல குந்திக்கிட்டு இருந்தா யாரு கூப்புடுவா?" என்பாள். அதனால் எந்த உபவாச ஜெபத்தையும் எங்களால் தவறவிட முடியாது. நானும் போய் நின்றேன். பைபிளில் கோவிலில் படுத்திருந்த பையனை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டாரே, அப்படி என்னையும் ஒரு தரம் கூப்பிட்டுவிட்டால் போதும் என்று உண்மையாகவே கேட்டேன். இப்போது கேலியாகச் சொல்கிறேனே தவிர, அந்த ஆசையில் பொய் இல்லை. என்னோடு ஞாயிறு பள்ளிக்கு வந்தவர்களில் ஒருத்திக்குப் பாட்டு கிடைத்தது, ஒருத்திக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக் கதை சொல்கிற திறமை கிடைத்தது. எல்லோருக்கும் மலை பிரித்துக் கொடுத்தாயிற்று, நான் மட்டும் கூடையோடு நிற்கிறேன் என்று தோன்றும்போது வலிக்கத்தான் செய்தது.

உயர்தரப் பரீட்சை முடித்ததும் பதுளை டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி சிங்களவர், வருகிறவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள். பள்ளிக்கூடத்தில் தட்டுத் தடுமாறிய சிங்களம் அங்கே நாக்கில் ஊறிப்போயிற்று. பொழுதுக்கும் ஒரே வசனம்தான்: "எந்தலா பலன்ன அக்கே, எந்தலா பலன்ன." உடுத்திப் பாருங்க அக்கா, உடுத்திப் பாருங்க என்று அர்த்தம்.

எங்கள் சபையில் காத்திருப்புக் கூட்டம் என்று ஒன்று உண்டு. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்க வேண்டும் என்று முழங்காலில் நின்று காத்திருப்போம். இறங்கினால் அந்நிய பாஷை வரும். யாரும் கற்றுக்கொடுக்காத மொழியில் நாக்கு தானாகப் பேசும். பலருக்கு வந்திருக்கிறது, நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். எனக்குத்தான் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, கடையில் நின்ற காலோடு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பாஸ்டரம்மா மட்டக்களப்புக்காரர். என் தலையில் கையை வைத்து, "வாயைத் திறங்க மகள், யோசிக்காதீங்க. நாக்கை ஆண்டவர்ட கையில விட்டுருங்க" என்றார்.

விட்டேன். நாக்கு தனக்குப் பழகின பாதையில் ஓடியது. "பலன்ன, பலன்ன, எந்தலா பலன்ன, பலன்ன..."

பாஸ்டரம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கண்ணீர் விட்டார். பின்னால் இருந்த கொழுந்துக்காரப் பெண்களுக்குத் தெரியும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அவர்கள் தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை. "உடுத்திப் பாத்துட்டு வேணாம்னா திருப்பிக் குடுக்கலாமா ஆண்டவரே" என்று ஒருத்தி முணுமுணுத்தது எனக்கே கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அழுகை வந்தது. அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒப்பரேஷன் பண்ணியே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் எனக்கு ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை ஹல்துமுல்லைக்காரர், இளம் பாஸ்டர். மொனராகலையில் புதிதாக ஒரு சபை தொடங்கப் போகிறவர். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் பார்க்க வந்தபோது ஊழியத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். "பாடுவீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஜெபக்கூட்டம் நடத்துவீங்களா?" இல்லை என்றேன். "பரவால்ல, ஆண்டவர் பழக்குவார்" என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அம்மா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். ஒப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது பேனாவைத் தொடவே இல்லை. "நேர்ந்தத குடுக்காம கத்திக்குக் கீழ படுத்தேன்னா நான் எந்திரிக்க மாட்டேன். மொனராகலைக்கு போறேன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன்."

டொக்டர் என் வயதுப் பெண். ஏன் மறுக்கிறார் என்று என்னிடம் கேட்டார். நேர்ச்சைக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று ஒரு கணம் தடுமாறி, "பாரயக்" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் ஊரிலும் தெய்வச் சந்நிதியில் பாரயக் வைக்காத தாய் யார்? கட்டிலில் இருந்த அம்மாவுக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தது. "ஆமா, பாரந்தான். அத எறக்கி வைக்காம நான் எப்பிடி போவேன்னு கேளு" என்றாள். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். இதற்கு மருந்து அவரிடம் இல்லை.

நான் என்ன செய்வேன்? மனசில்லாமல் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு, வராத பாட்டைப் பாடி, இல்லாத அழைப்பை இருக்கிற மாதிரி ஆயுசுக்கும் நடிக்க வேண்டும். அது அவருக்குச் செய்கிற துரோகம், ஆண்டவருக்குச் செய்கிற துரோகம். ஆனால் இன்னொரு பக்கம் அம்மா கிடக்கிறாள். ஆண்டவர் என்னைக் கூப்பிடாமல் அம்மாவின் கட்டியைக் கொண்டு நெட்டித் தள்ளுகிறாரோ என்றுகூட நினைத்தேன். கோபம் வந்தது, அவர்மேல்தான். கடைசியில் சரி என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்தேன். மறுநாள் பாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வருவதாக இருந்தது. அவர் முன்னாலேயே சொல்லிவிடலாம், அம்மா கையெழுத்துப் போடட்டும், பிறகு என் பாடு என்று விட்டுவிட்டேன்.

கடையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு வாட்டில் இருந்தேன். அன்று மத்தியானம் நோயாளிகளைப் பார்க்க ஆட்களை உள்ளே விட்டபோது பக்கத்துக் கட்டில் பெண்ணின் புருஷன் வந்தார். வெகு தூரத்துத் தோட்டம், பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் காலையில்தான் ஒப்பரேஷன் நடந்திருந்தது. மயக்கம் தெளியாமல், வாய் சற்றுத் திறந்தபடி, அசைவில்லாமல் கிடந்தாள். அவர் பார்த்தார். கையிலிருந்த சோற்றுப் பார்சல் கீழே விழுந்தது. "போயிட்டியாடி" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேர்ஸைப் பதுளையில் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மிஸ்ஸி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து, "நே, நே, பண தியெனவா" என்றார்.

அவர் அழுகையை நிறுத்தினார். "பணமா?"

"ஒவ், ஒவ், பண தியெனவா" என்றார் மிஸ்ஸி, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு.

அந்த மனிதர் எழுந்தார். சட்டைப் பையைத் துழாவினார். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை உள்ளங்கையில் நீட்டினார். "பணம் கட்டுனா எந்திரிச்சிருவாளாங்க? இப்ப இம்புட்டுத்தான் இருக்கு. நான் போயி தோட்டத்துல கேட்டுட்டு வந்துர்றேன். அது வரைக்கும் ஒண்ணும் செஞ்சிறாதீங்க." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார். மிஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. சில்லறையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைத்தெருவில் சிங்களத்தில் சல்லி என்று கேட்டால் பணம் என்று அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பெண்டாட்டி செத்துக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்குக் காதில் தமிழ்தானே விழும்?

நான் பின்னாலேயே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "ஐயா, பணம் கேக்கலங்க. சிங்களத்துல பணன்னா உசுரு. உசுரு இருக்குன்னு சொல்றாங்க. மயக்கம் தெளியல, அம்புட்டுத்தான்."

அவர் திரும்பவும் கேட்டார். "உசுரா?"

"உசுருதாங்க."

வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல் அழுதார். நான் மிஸ்ஸியிடம் பணத்தின் கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பை மறைக்கவோ அழுகையை மறைக்கவோ எனக்குத் தெரியாது. பிறகு கீழே விழுந்திருந்த சோற்றுப் பார்சலைத் தானே எடுத்து அவர் மடியில் வைத்தார்.

அதோடு முடியவில்லை. வாட்டின் கோடியிலிருந்து இன்னொரு மிஸ்ஸி குரல் கொடுத்தார். "நங்கி, மெஹாட்ட என்ட." தங்கச்சி, இங்கே வா என்று. அங்கே ஒரு பெண், நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி, மார்பைப் பிடித்துக் காட்டி, எல்லோரையும் பதறவைத்திருந்தாள். புளிச்ச ஏப்பம் வருகிறதா என்று கேட்டு, அதையும் டொக்டரிடம் சொன்னேன். அதற்குள் வேறொரு கட்டில். "நங்கி." ஒருவருக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று தெரியவில்லை. ஒருத்தி, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதே விளங்காமல் காலையிலிருந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்ப் போய் வந்தேன். என் நாக்கு கடையில் ஓடிய அதே பாதையில்தான் ஓடியது. ஆனால் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை, ஒரு தடவையும் மூச்சு அடைக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசுகிறேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

அம்மா தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வந்து அவளுக்குக் கஞ்சி எடுத்துக் கொடுக்கப்போன நேரத்தில் மறுபடியும் "நங்கி" என்று சத்தம். எரிச்சலோடு, "கொஞ்சம் இருக்கட்டும்மா, ஒனக்கு குடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"நான் குடிச்சுக்கிருவேன். நீ போ புள்ள. ஒன்னத்தான் கூப்புடுறாங்க."

சொன்னவள் அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டாள். வாங்கின கரண்டி அவள் கையில் அப்படியே இருந்தது. நானும் நின்றேன். எங்கள் இருவருக்கும் அந்தச் சொல் ஒரே நேரத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். நான் போனேன்.

கோவிலில் இருந்த பையனை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்படி ஒரு குரலுக்காகத்தான் அத்தனை வருஷமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் பேரை அந்த வாட்டில் யாருக்கும் தெரியாது. பேர் தெரியாத ஒருத்தியை, பேர் தெரியாதவர்கள், கை தேவைப்படும்போது கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்கள். அது ஆண்டவருடைய குரல்தானா என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் போகாமல் இருக்க முடியவில்லை, அது மட்டும் நிச்சயம். போன இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமும் ஒரு அடையாளம்தான் என்று சபையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கஷ்டப்படுத்தினால்தான் அது ஆண்டவருடைய சித்தம் என்று எப்படியோ எங்கள் ஆட்கள் மனசில் பதிந்துபோயிற்று. பனியிலும் மழையிலும் மலையேறிப் பழகியவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்.

மறுநாள் பாஸ்டரம்மா தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார். அம்மாவுக்காக ஜெபம் பண்ணினார். பிறகு என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேணும். மகளுக்கு இன்னும் அபிஷேகம் கிடைக்கல்லையே எண்டுதான் எனக்கு யோசனை."

நான் வாயைத் திறந்தேன். சரி என்று சொல்வதற்குத்தான்.

அம்மா முந்திக்கொண்டாள். "கெடைச்சிருச்சும்மா."

பாஸ்டரம்மா கையை இறுக்கினார். "எப்ப?"

"நேத்து. இந்த வாட்டுலதான். அந்நிய பாஷ பேசுறா. அர்த்தமும் அவளே சொல்லிர்றா. வேணும்னா அந்த ஐயாவக் கேளுங்க." பக்கத்துக் கட்டிலை அம்மா தாடையால் காட்டினாள். அங்கே அந்த மனிதர், கண் விழித்துவிட்ட பெண்டாட்டிக்கு டீ ஊட்டிக்கொண்டிருந்தார். "மொனராகலைக்கு வேற புள்ளையப் பாக்கச் சொல்லுங்க. இவளுக்கு இங்க மலை பிரிச்சிட்டாங்க."

பாஸ்டரம்மாவுக்கு வருத்தமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடித்திருந்த என் கையை விட்டார். பிறகு தோடம்பழத்தை உரித்து, ஒரு சுளையை அம்மாவுக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "பேனாவ எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

புடவைக்கடையை விட்டுவிட்டு, மொழிப் பரீட்சை எழுதி, இப்போது இதையே வேலையாகப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் டொக்டருக்கும் நடுவே நின்று அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் சொல்கிறேன். மொனராகலைக்குப் போனவருக்கு நல்ல பெண் கிடைத்தாள், நன்றாகப் பாடுகிறாள். சபையில் சிலர் இன்றைக்கும், "எப்ப சிஸ்டர் முழுநேர ஊழியத்துக்கு வருவீங்க?" என்று கேட்கிறார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே, "எந்தலா பலன்ன" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

ஆனால் அந்த வேலையில் நான் முதல் முதலாகத் தோற்றது அம்மாவின் ஒப்பரேஷன் அன்றுதான். தியேட்டர் வாசலில் அப்பாவும் நானும் நின்றோம். அப்பா தேங்காயும் நேர்ந்துவைத்திருந்தார், என்னோடு சேர்ந்து ஆண்டவரையும் கூப்பிட்டார், யாரையும் விட்டுவைக்கவில்லை. கதவு திறந்தது. மிஸ்ஸி வந்து என்னிடம் இரண்டு வசனம் சிங்களத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அப்பா என் தோளைப் பிடித்தார்.

"என்னாம்மா சொல்றாங்க?"

சொல் வரவே இல்லை. ஊராருக்கெல்லாம் சொன்ன அதே ஒரு சொல்தான். அப்பா என்னைப் பிடித்து உலுக்கினார். "வாயத் தொறந்து சொல்லு தாயி."

வாயைத் திறந்தேன். முதலில் வந்தது அழுகைதான், அந்த நடை முழுக்கக் கேட்கிற மாதிரி. அப்பா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டு, அழுதுகொண்டே, "உசுரு இருக்குப்பா, உசுரு இருக்கு" என்று அவர் தலையை நிமிர்த்துகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.